இளவயதில் புற்றுநோய் கண்டவர்களின் கொள்கைப் பிரகடனம்

15 வயதுக்கும் 39 வயதுக்கும் இடையில் புற்றுநோய் வந்தவர்கள் நாங்கள். ரத்தப் புற்றுநோய், லிம்போமா, எலும்பு, மார்பகம், தைராய்டு என்று ஒவ்வொருவர் கதையும் வேறு. குழந்தைகள் வார்டுக்கு வயது கடந்துவிட்டது. பெரியவர்கள் வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் பேரன் பேத்தி எடுத்தவர். படிப்பு, வேலை, கல்யாணம் என்று எல்லாம் தொடங்கும் வயதில் வந்த நோய்க்கு அந்த வயதையும் சேர்த்துப் பார்க்கும் வைத்தியம் வேண்டும். அதற்காகவே இந்த இயக்கம்.

முதலில், எங்களிடம் பேசுங்கள். பயாப்ஸி முடிவை வராந்தாவில் அப்பாவிடம் சொல்லிவிட்டு, உள்ளே வந்து "சின்னக் கட்டிதான்பா, மருந்துல கரைஞ்சிடும்" என்று சொல்லும் வழக்கம் ஒழிய வேண்டும். பாசத்தில்தான் மறைக்கிறார்கள், தெரியும். ஆனாலும் உடம்பு எங்களுடையது.

இந்த மறைப்பில் பிள்ளைப்பேறே பறிபோகிறது. சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகளும் இடுப்புப் பகுதிக்குத் தரும் கதிர்வீச்சும் கருமுட்டைகளையும் விந்தணு உற்பத்தியையும் அழித்துவிடக்கூடும். கீமோவுக்கு முன் விந்தணுவைச் சேமிக்க ஓரிரு நாள் போதும். கருமுட்டைக்குச் சுமார் இரண்டு வாரம் ஆகும். தீவிர ரத்தப் புற்றுநோயில் அந்த அவகாசம் கிடைக்காமல் போகலாம். அப்படியானால் அதையும் சொல்லிவிட்டு மருந்தை ஏற்றுங்கள். கல்யாணமாகாத பெண்ணிடம் இதை எப்படிப் பேசுவது என்று இன்று கூச்சப்படுகிறவர்கள், நாளை அவள் கேட்கும்போது என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? சேமிப்புச் செலவை அரசே ஏற்க வேண்டும்.

முடி வளர்ந்ததும் ஊர் மறந்துவிடுகிறது. உடம்பு மறப்பதில்லை. டாக்ஸோரூபிசின் என்னும் சிவப்பு மருந்து பல வருஷம் கழித்தும் இதயத்தைத் தளர்த்தலாம். சிஸ்பிளாட்டின் காதை மந்தமாக்கலாம். ஏற்றிய மருந்துகள், அவற்றின் மொத்த அளவு, கதிர்வீச்சு பட்ட இடம், இனி எந்தப் பரிசோதனை எப்போது என்றெல்லாம் எழுதிய தாள் இல்லாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

பழைய நோய் கடன் வாங்கும்போதும் குறுக்கே வரக்கூடாது. பிரான்ஸில் இதற்காக 2016இல் வந்த சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. அதன்படி, சிகிச்சை முடிந்து 5 ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தால், கடன் காப்பீட்டுக்கு விண்ணப்பிப்பவர் பழைய புற்றுநோயைச் சொல்ல வேண்டியதில்லை. இங்கும் அது வேண்டும்.

"தங்கச்சி கல்யாணம் முடியட்டும், வெளியே சொல்லாதே" என்று கேட்டு வளர்ந்தவர்கள் எங்களில் பலர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அந்தத் துக்கத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. அவர் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அதற்காக யாரையும் மேடையேறிச் சொல்லச் சொல்ல மாட்டோம். யாரிடம், எப்போது சொல்வது என்பதை நோய் கண்டவரே முடிவு செய்வார். பெண் பார்க்க வந்த வீட்டாரானாலும் சரி, வேலை தரும் முதலாளியானாலும் சரி, தோண்டித் துருவ அவர்களுக்கு உரிமை இல்லை.

சிகிச்சை முடித்தவர்கள், இன்று தொடங்குகிறவர்களுக்குத் துணையாக முதல் கீமோ நாளில் வந்து உட்காருவோம். கேட்க வேண்டிய கேள்விகளை முந்தின நாளே சேர்ந்து எழுதுவோம். கூப்பிட்டால் டாக்டர் அறைக்குள்ளும் வருவோம்.