கரைக்குத் திரும்புக: 212 பிட்டுகளும் ஒரு வாக்கியமும்

ஐதராபாத்தில் மொழியியல் ஆய்வு மேற்கொண்டிருக்கும் என்னிடம் மின்னணுப் பொறியியல் பயிலும் நண்பர் ஒருவர் அண்மையில் கேட்டார்: “செயற்கைக்கோள் வழிகாட்டலில் மொழியியலாருக்கு என்ன வேலை?” வேடிக்கையாகக் கேட்டதுதான். ஆயினும் அதற்கான விடை கடலில் இருப்போரின் உயிரைத் தொடுகிறது என்பதால் இதனை எழுதுகிறேன்.

2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் புயலாக வலுப்பெற்றது. தூத்தூர் முதலிய குமரி மாவட்டத்து ஊர்களிலிருந்து சென்று வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிப்போர் அதற்கு முன்பே கடலில் இருந்தனர். கைபேசித் தொடர்போ கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டருக்குள் அற்றுவிடும். எச்சரிக்கை அவர்களைச் சென்றடைய வழியில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தம்மவரை இழந்தன.

இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிகளுள் ஒன்று இந்நகரிலிருந்தே எழுந்தது. இங்குள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், இந்திய விமான நிலைய ஆணையத்துடன் இணைந்து உருவாக்கிய ‘ஜெமினி’ கருவி 2019 அக்டோபரில் அறிமுகமாயிற்று. விமானங்களின் இருப்பிடக் கணக்கைத் திருத்துவதற்காக இஸ்ரோவும் அவ்வாணையமும் அமைத்த ‘ககன்’ செயற்கைக்கோள்களே அதற்குச் செய்தி அனுப்புகின்றன. கருவி பெறும் செய்தி ப்ளூடூத் வழியே கைபேசிக்குச் செல்லும்; கைபேசிச் செயலி அதனை ஒன்பது மொழிகளில் காட்டும்.

இங்கு ஒரு சிறு கணக்கு. ககன் போன்ற அமைப்புகள் நொடிக்கு 250 பிட்டுகள் கொண்ட ஒரு செய்தியை அனுப்புகின்றன. அடையாளக் குறிகளும் பிழைச் சோதனையும் போக எஞ்சுபவை 212. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் 24 பிட்டுகள் தேவை. ‘கரைக்குத் திரும்புக’ என்பதில் ‘கரைக்குத்’ என்னும் முதற்சொல்லே 9 குறியெண்கள், அதாவது 216 பிட்டுகள். ஒற்று மிகுந்ததால் சொல் சட்டகத்தைத் தாண்டிவிடுகிறது! பொறியாளர் எவரும் இவ்வாறு எழுத்தெழுத்தாக அனுப்பமாட்டார். சுருக்கமான குறியீட்டை அனுப்பி, அதற்குரிய வாக்கியத்தைக் கைபேசியிலேயே முன்கூட்டி வைத்திருப்பதே சிக்கனமான வழி.

அவ்வாறாயின், அந்த வாக்கியத்தை எழுதுபவர் யார்? என் கருத்தில், அவரும் அச்செயற்கைக்கோள் அமைப்பைத் தாங்கும் பொறியாளர்களுள் ஒருவரே. நாம் அவரை மொழிபெயர்ப்பாளராக மட்டும், அதுவும் கடைசியில், நினைக்கிறோம்.

நம் வானிலை அறிவிப்புகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் தொடர் ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்பது. இலக்கணப்படி அதில் குற்றமில்லை. ஆனால் கேட்பவர் கரையில் நிற்கிறார் என்பது அதன் முற்கோள். கரையை விட்டு நெடுந்தொலைவு சென்றுவிட்டவருக்கு அது எதையும் சொல்வதில்லை. எத்திசையில் விலகுவது, எத்தனை மணி நேரம் உள்ளது என்பனவே அவருக்கு வேண்டியவை.

‘காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி’, ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ ஆகியவற்றையும் எண்ணிப் பாருங்கள். முன்னதில் காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் குறைவு; பின்னதில் 31 முதல் 50 வரை. வானிலையாளருக்கு இவ்வேறுபாடு தெளிவு. பொது வழக்கில் பகுதியும் மண்டலமும் ஏறத்தாழ ஒன்றே. ஒக்கி, மண்டலம் என்னும் நிலையிலிருந்து புயலாக ஒரு நாள்தான் எடுத்துக்கொண்டது. கடலோடிகளுக்கோ ஆழத்தை அளக்கப் ‘பாகம்’ உண்டு. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றுகளுக்குப் பெயர்கள் உண்டு.

கலைச்சொல்லின் துல்லியத்தை வட்டார வழக்குக்காக இழக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, காற்றுப் பெயர்களின் பொருள் கரைக்குக் கரை சற்று மாறவும் கூடும். கலைச்சொல்லை நீக்குமாறு நான் கூறவில்லை. செய்யவேண்டிய செயல் முதலில் வரட்டும், அளவும் பெயரும் பின்னர் வரட்டும் என்கிறேன். நேர்ப்பேச்சில் புரியாவிட்டால் ‘என்ன?’ என்று திரும்பக் கேட்கலாம். ஜெமினி ஒருவழிக் கருவி. அதனிடம் கேட்க இயலாது. ஆதலால் முதல் வாசிப்பிலேயே பொருள் விளங்க வேண்டும்.

2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் இருவழித் தொடர்புக் கருவிகளைப் பொருத்தும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. கருவிக்கும் விண்கலத்திற்கும் நிதி ஒதுக்குவோர், வாக்கியங்களைத் துறைமுகங்களில் சோதித்துப் பார்ப்பதற்கும் சிறு தொகை ஒதுக்க வேண்டும். தூத்தூரிலும் நாகப்பட்டினத்திலும் இராமேசுவரத்திலும் மீனவர்களிடம் ஒரே எச்சரிக்கையைக் காட்டி, ‘இதைப் படித்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்பது பெருஞ்செலவு பிடிக்கும் ஆய்வன்று.

இன்காய்ஸ் இருக்கும் இதே நகரில்தான் ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு மொழியியல், மொழிபெயர்ப்பியல் மையமும் இருக்கிறது. ஆய்வுத் தலைப்புத் தேடும் முதுகலை மாணவர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம். தமிழ், தெலுங்கு, மலையாளம், ஒடியா என எம்மொழியிலிருந்தும் தொடங்கலாம். நண்பரிடமும் இதையே சொன்னேன். அடுத்த முறை துறைமுகம் செல்லும்போது தானும் வருவதாகக் கூறியிருக்கிறார்.