340 டொலரில் ஒரு டாஷ்போர்ட்

ஒரு காரில், குளிர்காலத்தில் வீட்டுக்குள் வைத்துச் செய்யக்கூடிய பெரிய வேலை ஒன்றே ஒன்றுதான். அது டாஷ்போர்ட். எஞ்சினைச் சமையலறைக்குள் கொண்டு வந்தால் மனுசி என்னையும் அதோடு சேர்த்து வெளியில் விட்டிடுவா. மிசிசாகாவில் சனவரி மாதம் சூடு இல்லாத கராஜுக்குள் நின்று ஸ்பானர் பிடிக்கிறதும் மனிசர் செய்கிற வேலையில்லை. டாஷ்போர்ட் அப்படியில்லை. ஒரு பலகை, நாலைந்து மீற்றர், கொஞ்ச வயர். பேஸ்மென்ட் மேசையில் பரப்பி வைக்கலாம், பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கை வைக்கலாம்.

நான் கிட் கார் கட்டுகிற கதையைப் போன வருடம் இங்கே தொட்டுச் சொன்னது சிலருக்கு ஞாபகம் இருக்கும். தெரியாதவர்களுக்கு: கடையில் முழுக் காராக வாங்காமல், சட்டம், பொடி, எஞ்சின் எண்டு துண்டு துண்டாகச் சேர்த்து நாங்களே பூட்டுகிற கார். இந்த வகையில் ஒன்று 1957இல் கொலின் சப்மன் இங்கிலாந்தில் விற்கத் தொடங்கிய லோட்டஸ் செவன். பூட்டாத காருக்கு அங்கே கொள்வனவு வரி இல்லை, அதனால் சனம் பெட்டியில் வாங்கித் தங்கள் வீட்டிலேயே பூட்டியது. 1996இல் றொன் சாம்பியன் எண்ட ஆங்கிலேயர், 250 பவுணில் உங்கள் ஸ்போர்ட்ஸ் காரை நீங்களே கட்டலாம் எண்டு தலைப்பிலேயே சொல்லி ஒரு புத்தகம் எழுதினார். அந்தக் காசுக்கு இன்றைக்கு நாலு ரயர்கூட வராது. ஆனால் அந்தப் புத்தகம் உலகம் முழுக்கப் பல கராஜ்களை நாசமாக்கியது, எங்கடையும் அதில் ஒன்று.

எஞ்சினும் கியர்பொக்சும் ஒரு 1996 மாஸ்டா மியாட்டாவில் இருந்து வந்தவை. ஒன்ராறியோ றோட்டு உப்பு அதன் அடிப்பக்கத்தை முழுக்கத் தின்றுவிட்டது, எஞ்சின் மட்டும் கல்லுப் போல இருந்தது. எங்களைப் போன்ற ஆட்களுக்கு இந்த உப்பு ஒரு வரம் எண்டுதான் சொல்ல வேணும்.

இனிக் காசு. புது மீற்றர் ஐந்து கொண்ட ஒரு செற் பார்த்தேன், வடிவான சாமான், விலை 800 டொலருக்கு மேல். அந்த மாதம்தான் மகளுக்குப் பல்லுக்குக் கம்பி கட்டினது. டாஷ்போர்ட்டுக்கு 400 டொலர், ஒரு சதம் கூட இல்லை எண்டு வீட்டில் ஒப்பந்தம் ஆச்சு. கணக்குப் புத்தகம் மகளின் கையில். அவளுக்குப் பதின்மூன்று வயது, என்னைவிடக் கசவாரம்.

முடிவில் வந்த கணக்கு இது. பலகையும் அலுமினியத் தகட்டுத் துண்டும் 40. மேலே ஒட்டின கறுப்பு வைனைல் 25. பியூஸ் பெட்டி 30. வயரும் நுனிகளும் 70. வயர் நுனியை நசுக்கிப் பூட்டுகிற குறடு 45. எண்ணெய் அழுத்த மீற்றரும் அதன் சென்டரும் 90. சுவிட்சும் சின்ன விளக்குகளும் 40. ஆக மொத்தம் 340. மிச்சம் 60 டொலருக்கு என்ன வாங்கலாம் எண்டு நான் யோசிக்க முதலே அது தன்னுடைய கணக்கில் எண்டு எழுதிவிட்டாள்.

வேக மீற்றர், சுற்று மீற்றர், பெற்றோல், சூடு எல்லாம் உப்புத் தின்ற மியாட்டாவிலேயே ஒரே பெட்டியாக இருந்தவை. அதைக் கழற்றும்போது ஒரு விசயம் கவனியுங்கோ: பின்னால் வருகிற வயரைப் பிளக்குக்குப் பக்கத்தில் வெட்டவேண்டாம். ஒரு முழ நீளம் வாலாக விட்டு வெட்டினால் பிறகு நிறம் பார்த்து இணைக்கிறது சுகம். வாலில்லாத மீற்றர் பெட்டி வெறும் கண்ணாடி அலங்காரம்தான்.

ஒரு வேலைக்கு மட்டும் நான் காசு கொடுத்து ஆள் பிடித்தேன். பழைய காரின் ஸ்ரியறிங்கில் எயார்பாக் இருந்தது. அதற்குள் இருப்பது வெடிமருந்து. பற்றறி கழற்றின பிறகும் கொஞ்ச நேரத்துக்கு அதற்கு உயிர் இருக்கும். லைசென்ஸ் உள்ள மெக்கானிக் ஒருவர் வந்து கழற்றிக் கொண்டு போகும் வரைக்கும் பிள்ளைகள் கராஜ் கதவுக்கு அங்கால்தான். இந்தக் காசு டாஷ்போர்ட் கணக்கில் வராது எண்டு மகள் தீர்ப்புச் சொன்னாள். சரியான தீர்ப்பு.

முதலில் பெட்டி மட்டையில் வெட்டினோம். மூன்று மட்டை வீணாய்ப் போச்சு, ஆனால் மட்டைக்குக் காசில்லை. சீற்றில் இருந்து பார்த்து, ஸ்ரியறிங் வட்டம் எந்த மீற்றரை மறைக்குது எண்டு பென்சிலால் குறித்து, முழங்கால் எங்கே முட்டும் எண்டு பார்த்து, அதற்குப் பிறகுதான் 6 மில்லிமீற்றர் பிளைவுட்டில் கை வைத்தது. இந்தக் கார் மிகவும் ஒடுக்கம். டாஷ்போர்ட்டின் கீழ் விளிம்பு உங்கள் முழங்காலுக்கு நேரே நிற்கும். அதைக் கூராக விட்டால் சின்ன இடியில்கூடக் கால் போய்விடும். உருண்டையாக ராவி, மேலே ஸ்பொஞ்ச் வைத்து வைனைலால் மூடினோம். சின்ன மீற்றர்களுக்கு 52 மில்லிமீற்றர் ஓட்டை வேண்டும். கனேடியன் ரயரில் விற்கிற வட்ட வாள் ஒன்று போதும்.

இனித்தான் நான் இந்தப் பத்தியை எழுதத் தொடங்கின காரணத்துக்கு வாறேன்.

பழைய மியாட்டாக்களில் எண்ணெய் அழுத்த மீற்றர் உண்மையாகவே அழுத்தத்தை அளந்தது. எஞ்சின் வேகம் கூடினால் முள் ஏறும், சூடான எஞ்சின் சும்மா நிற்கும்போது இறங்கும். 1995 மாடலில் இருந்து அதை மாற்றிவிட்டார்கள். வெளியில் பார்த்தால் அதே மீற்றர், அதே முள். ஆனால் பின்னால் இருப்பது ஓம் அல்லது இல்லை எண்டு மட்டும் சொல்கிற ஒரு சுவிட்ச். கொஞ்சம் அழுத்தம் இருந்தாலே முள் நடுவில் போய் நிற்கும். பாதி அழுத்தம் போனாலும் நடுவில்தான் நிற்கும். முழுக்கப் போன பிறகுதான் விழும், அதற்குள் எஞ்சினும் போயிருக்கும். இன்றைய கார்கள் பலவற்றில் சூடு மீற்றரும் இதே குணம்தான். சாதாரணச் சூட்டுக்கு மேலேயும் கீழேயும் கனதூரத்துக்கு முள் அசையாது.

இதை நான் மகளுக்கு விளங்கப்படுத்திக் கொண்டிருக்க, சோபாவில் இருந்த அப்பா எழும்பி வந்தார். 1994இல், எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது, நாங்கள் கனடா வந்தோம். அதற்கு முதல் அப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு ஒஸ்ரின் ஏ-40 வைத்து வாடகைக்கு ஓடினவர். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கின பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வர விடவில்லை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. துளிப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறது. கரண்ட் இல்லாத வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டது என் தலைமுறையில் பலருக்கு நினைவிருக்கும்.

"அப்பப்பா, உங்கட காரில் என்னென்ன மீற்றர் வேலை செய்தது?" எண்டு மகள் கேட்டாள்.

"ஒண்டும் இல்லைப் பிள்ளை. பெற்றோலுக்குத் தாங்கிக்குள்ள தடி விட்டுப் பாக்கிறது. சூட்டுக்கு மூக்கு. எண்ணெய்க்குக் காது."

"பிறகு ஏன் மீற்றரை அப்படியே வைச்சிருந்தனீங்கள்?"

"கழட்டினா ஓட்டை தெரியுமெல்லோ."

அவள் அதற்குச் சிரிக்கவில்லை. அந்த நடுவில் நிற்கிற முள்ளைத் திரும்ப ஒருதரம் பார்த்தாள். பிறகு கணக்குப் புத்தகத்தை எடுத்து, வானொலிக்கு எண்டு நான் எழுதியிருந்த 90 டொலரை வெட்டி, எண்ணெய் மீற்றருக்கு எண்டு மாற்றினாள். எனக்கு அந்த றேடியோவில் ஆசை இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் மூன்று வருடத்தில் அவளுக்குப் பதினாறு, அதோடு ஜி-1 எடுக்கலாம். இந்தக் காரில் பக்கத்தில் இருக்கப் போவதும், ஒரு நாள் திறப்பைக் கேட்கப் போவதும் அவள்தான். எந்த முள் உண்மை சொல்லுது, எந்த முள் ஒப்புக்கு நிற்குது எண்டு தெரிந்த பிள்ளை ஓட்டுகிறது எனக்கு நித்திரை வரப் போதும்.

எண்ணெய் மீற்றரில் இரண்டு வகை இருக்கு. ஒன்று, சின்னக் குழாய் வழியாக எஞ்சின் எண்ணெயையே மீற்றர் வரைக்கும் கொண்டு வருவது. மலிவு. ஆனால் அந்தக் குழாய் வெடித்தால் கொதிக்கிற எண்ணெய் உங்கள் காலில் ஊற்றும். மற்றது, எஞ்சினில் சென்டர், அங்கிருந்து வயர் மட்டும் உள்ளே. சிக்கனம் பார்க்கிற ஆள் எண்டாலும் இதில் இரண்டாவதையே வாங்குங்கோ. மீற்றரையும் சென்டரையும் ஒரே சோடியாக வாங்க வேணும். பெற்றோல் மீற்றரிலும் இதே விசயம்தான்: ஜிஎம் வகைச் சென்டர் வெறுமையில் 0 ஓம், நிரம்பினால் 90. பழைய ஃபோர்ட் வகை அதற்குத் தலைகீழ், வெறுமையில் 73, நிரம்பினால் 10. மாற்றிப் பூட்டினால் தாங்கி காயும்போது முள் நிரம்பியிருக்கு எண்டு காட்டும்.

வயர் வேலைக்கு வந்தால், பழைய உலோக டாஷ்போர்ட்டில் மீற்றரின் உடம்பே ஏர்த்தாக இருந்திருக்கும். எங்கடது மரம். மரத்தில் கரண்ட் ஓடாது. அதனால் ஒவ்வொரு மீற்றருக்கும் தனியாகக் கறுப்பு வயர் ஒன்று ஓடி, எல்லாம் ஒரே இடத்தில் சட்டத்தோடு சேர வேணும். லைற் போட்டால் பெற்றோல் முள் ஆடுது எண்டு ஆராவது சொன்னால், முதலில் ஏர்த்தைப் பாருங்கோ. பியூஸ் எண்டது மீற்றரைக் காப்பாற்ற இல்லை, வயர் எரியாமல் இருக்க. அதனால் வயரின் தடிப்புக்கு ஏற்ற பியூஸ். நுனிகளை ஈயம் வைத்து ஒட்டாமல் நசுக்கிப் பூட்டினோம், ஈயம் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் வயர் அதிர்வுக்கு முறியும். அந்த 45 டொலர் குறடுதான் முழு வேலையிலும் பிரயோசனமான சாமான். மகளுக்கு அதில் கை நல்லாய்ப் பழகி, ஒவ்வொரு நுனியையும் இழுத்துப் பார்த்துத்தான் அடுத்ததுக்குப் போவாள்.

விளக்குகளில் ஒரு சண்டை வந்தது. அவளுக்கு எல்லாம் நீல எல்ஈடி வேணும். நீலம் ஹை பீமுக்கு. பச்சை சிக்னலுக்கு. சிவப்பு எண்ணெய்க்கும் சார்ஜுக்கும் பிரேக்குக்கும். இது எங்கட விருப்பமில்லை, எல்லாக் காரிலும் உள்ள முறை, பரிசோதிக்கிறவரும் அதைத்தான் தேடுவார். சார்ஜ் விளக்குக்கு எல்ஈடியே கூடாது எண்டு நான் ஒற்றைக் காலில் நின்றேன். பல பழைய ஆல்டர்னேட்டர்களில் அந்தச் சின்னப் பல்பு வழியாகப் போகிற கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடும். எல்ஈடி விடுகிற கரண்ட் அதற்குக் காணாது. பல்பு எரிந்து போனால் சார்ஜே வராமல் விடலாம். அதனால் அங்கே பழைய இரண்டு மூன்று வற் பல்பு. எஞ்சின் ஓடும்போது பற்றறியில் 14 வோல்ட் அளவில் வந்தால் சரி, 12.6 எண்டால் சார்ஜ் ஏறவில்லை.

நீலம் போனதுக்குப் பதிலாக அவள் ஒன்று கேட்டாள்: சுவிட்சுகளுக்குப் பெயர் தமிழில். சின்னம் எல்லாக் காரிலும் உள்ள அதே சின்னம், கீழே தமிழ். காகிதத்தில் தானே எழுதி, மேலே தெளிவான பிளாஸ்ரிக் தகடு வைத்து மூடினாள். 'விளக்கு' எண்டு எழுத அப்பா வந்து, "ஆர் பிள்ளை காரில விளக்கெண்டு சொல்லுறது, லைற் எண்டு எழுது" எண்டார். அரை மணித்தியாலம் வாதம். கடைசியில் 'லைற்', 'விசிறி', 'வைப்பர்', 'எண்ணெய்'. 'விசிறி'க்கு அப்பா ஒத்துக்கொண்டார், ஏன் எண்டு கேட்காதேங்கோ. ஞாயிறு தமிழ் வகுப்பில் 'ற்'றுக்கும் 'ட்'டுக்கும் இடையில் தடுமாறுகிற பிள்ளை, 'லைற்' எழுதுகிற இடத்தில் மூன்று தரம் அழித்து எழுதினதை நான் பார்த்துக் கொண்டுதான் இருந்தேன். வாயே திறக்கவில்லை.

வேக மீற்றர் பழைய முறைப்படி கியர்பொக்சில் இருந்து கேபிளில் ஓடுகிறது. ரயரின் அளவை மாற்றினால் அது பிழைக்கும். ஐந்து வீதம் சின்ன ரயர் போட்டால் மீற்றரில் 100 எண்டு நிற்கும்போது உண்மையில் 95தான் ஓடுவீர்கள். அதனால் பழைய அளவு ரயரே போட்டிருக்கிறோம். றோட்டுக்கு வந்த பிறகு போன் ஜிபிஎஸ்ஸோடு ஒத்துப் பார்ப்போம்.

மிச்சம் இருப்பது பெற்றோல் மீற்றர். சென்டர் மியாட்டாவினது, தாங்கி நாங்கள் செய்வித்த சின்னத் தாங்கி. வடிவம் வேறை எண்டதால் முள் பாதியில் நின்றால் பாதிப் பெற்றோல் எண்டு நம்பேலாது. ஏப்ரலில் வெறும் தாங்கிக்குள் ஐந்து ஐந்து லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு தரமும் முள் நிற்கிற இடத்தைக் கண்ணாடியில் ஒட்டின ரேப்பில் குறிக்கப் போகிறோம். குறிக்கிறது மகள். ஊற்றுகிறது நான். அப்பா இப்போதே ஒரு தடி சீவி, அதில் சென்ரிமீற்றர் கோடு போட்டு வைத்திருக்கிறார், இரண்டையும் ஒத்துப் பார்க்க வேணுமாம். அது முடிந்தால் பரிசோதனை, பதிவு, இன்சூரன்ஸ். இன்சூரன்ஸ்காரரோடு கதைத்த கதை ஒரு தனிப் பத்திக்கு இருக்கு, அது அடுத்த மாதம்.