காஞ்சிபுரம் போகலாமா?

சகோதரிகளே, லீவு விட்டாச்சு. நம் கல்மண்டபத்திலிருந்து ஒரே நாளில் போய் வரக் காஞ்சிபுரம் நல்ல ஊர். பீச் ஸ்டேஷனிலிருந்து செங்கல்பட்டு வழியாக நேர் ரயில் உண்டு. நேரத்தை முதல் நாளே விசாரித்து, விடியற்காலை வண்டியாகப் பிடியுங்கள்.

ஏன் தெரியுமா? பகல் 12 மணிக்குக் கோயில் நடை சாத்தினால், திறக்க 4 மணி ஆகும். பத்து மணிக்கு மேல் போய் இறங்கினால் ஒரு கோயிலோடு சரி. பிறகு வெயிலுக்கு ஒதுங்குகிற இடம் பட்டுக்கடைதான், பர்ஸ் காலி!

முதலில் கைலாசநாதர் கோயில். ராஜசிம்ம பல்லவன் கட்டி 1300 வருஷம் ஆகிறது. பிராகாரத்தைச் சுற்றி 58 குட்டிச் சன்னதிகள். குழந்தைகளுக்கு எண்ண விட்டால் போதும், படுத்தாது! கருவறையைச் சுற்ற ஒரு குறுகலான வழி. குனிந்து, தவழ்ந்துதான் போகணும். கர்ப்பிணிகளும் மூட்டு வலிக்காரர்களும் வெளியிலிருந்தே கும்பிடுங்கள். வெயில் ஏறினால் கல் தரை சுடும், சின்னதுகளின் பாதம் பொத்துப் போகும். இடைவழி வரைக்கும் காலுறை போட்டு விடலாம்.

மதியச் சாப்பாட்டைக் கையோடு கொண்டு போங்கள். காஞ்சிபுரம் இட்லியில் மிளகும் சுக்கும் தூக்கல், கைக்குழந்தைக்கு வேண்டாம். சாப்பிட்டதும் நிழலில் ஒரு மணி நேரமாவது நீங்களும் காலை நீட்டணும். மாலையில் வரதராஜர் ஒருவர் போதும்.

புடவை வாங்கியே தீரணுமா? 'சில்க் மார்க்' முத்திரை பட்டுக்குத்தான், ஜரிகைக்கு அல்ல. ஜரிகை அசலா என்று தனியாகக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.