டீசலா, பெட்ரோலா? ஜீப் வாங்குமுன் ஒரு கணக்கு!

"காட்டுக்கும் மேட்டுக்கும் போகிற வண்டியா? கண்ணை மூடிக்கொண்டு டீசல் வாங்கு!"

ஜீப் வாங்கப் புறப்படுகிறவரிடம் நாலு பேர் சொல்லும் புத்திமதி இது. பத்து லட்ச ரூபாய்க்கு மேல் விலை. அதில் பெரும்பகுதி கடன். இப்படி வாங்கும் பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

அந்தப் புத்திமதி ஒரு காலத்தில் முழுக்கச் சரி. இன்று பாதிதான் சரி.

பழைய கதை

இரண்டாவது உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப், பெட்ரோல் வண்டிதான். 1947-ல் மகிந்திரா கம்பெனி பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியதும் அதே ஜீப்தான். நல்ல வண்டி. ஆனால் பெட்ரோலைக் குடம் குடமாகக் குடித்தது.

1973-ல் உலகம் எங்கும் எண்ணெய் விலை ஏறியது. ஜீப் வைத்திருந்தவர்கள் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு, டீசல் என்ஜினை மாட்டினார்கள். பிறகு மகிந்திரா கம்பெனியே பியூஜோ டீசல் என்ஜினுடன் ஜீப் செய்தது. டீசலுக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

2012 மே மாதம் டெல்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 73 ரூபாய். டீசல் சுமார் 41 ரூபாய். இவ்வளவு வித்தியாசம் இருந்தால் யார்தான் பெட்ரோல் வண்டி வாங்குவார்கள்? ஆனால் 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை அரசு நீக்கியது. இன்று சென்னையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்து ரூபாய்கூட இல்லை.

பொறியும் சூடும்

பெட்ரோல் என்ஜினில் 'பிளக்' தீப்பொறி விட்டு எரிக்கிறது. டீசல் என்ஜினில் பொறி கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறது அல்லவா? அதே போல, காற்றை மிகவும் அழுத்தினால் அது கொதிக்கும். அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஜெர்மானியரான ருடால்ப் டீசல் 1897-ல் இதைச் செய்து காட்டினார்.

இந்த முறையில் எண்ணெய் குறைவாகச் செலவாகும். மெதுவாகச் சுற்றும்போதும் என்ஜின் நன்றாக இழுக்கும். பாரத்தோடு மேடு ஏற இதுதான் வேண்டும்.

ஆனால் பெட்ரோல் என்ஜினும் சும்மா இருக்கவில்லை. அதற்கும் 'டர்போ' வந்துவிட்டது. 2020-ல் வந்த மகிந்திரா தார் ஜீப்பைப் பாருங்கள். கையால் கியர் மாற்றும் வண்டியில், 2.2 லிட்டர் டீசல் என்ஜினின் இழுவிசை 300 நியூட்டன் மீட்டர். 2 லிட்டர் பெட்ரோல் என்ஜினுக்கும் அதே 300! குதிரைசக்தியிலோ டீசல் 130, பெட்ரோல் 150. "பெட்ரோல் வண்டி மேடு ஏறாது" என்கிற பேச்சு இனி எடுபடாது.

கரி வடிகட்டி

வியாபாரிகள் அதிகம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. 2020 ஏப்ரல் முதல் புகைக் கட்டுப்பாடு கடுமையானது. அதனால் டீசல் வண்டியின் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்கள். அது கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சேர்ந்த கரி எரிந்து போக வேண்டுமானால், வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும்.

தினம் கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போகிற வண்டியில் அது நடக்குமா? வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரியும். கவனிக்காமல் விட்டால் பெரிய செலவு வரும்.

பெட்ரோலிலும் குறை உண்டு. இப்போது அதில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலில் சக்தி குறைவு. ஆகவே ஒரு லிட்டருக்கு ஓடும் தூரமும் சற்றுக் குறையும்.

வீட்டுக் கணக்கு

ஓர் உதாரணம். டீசல் வண்டி ஒன்றரை லட்சம் ரூபாய் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். டீசல் லிட்டர் 92 ரூபாய், 12 கிலோமீட்டர் ஓடும். பெட்ரோல் 100 ரூபாய், 9 கிலோமீட்டர் ஓடும். அப்படியானால் டீசலில் கிலோமீட்டருக்குச் சுமார் மூன்றரை ரூபாய் மிச்சம். கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பி வர, ஏறக்குறைய 43,000 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இரண்டே வருஷத்தில் பணம் வந்துவிடும். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும்! கடனுக்கு வட்டி தனி.

ஆகவே எஸ்டேட்டுக்குத் தினமும் மூட்டை ஏற்றுகிறவர், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலா ஆட்களை ஏற்றிச் செல்பவர், இவர்களுக்கு டீசல்தான் லாயக்கு. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மலைக்குப் போய்வர ஆசைப்படுகிறவருக்குப் பெட்ரோல் போதும். பக்கத்து வீட்டுக்காரர் டீசல் வாங்கினார் என்பது ஒரு காரணமே அல்ல. மாதச் செலவைப் பார்க்கிற வீட்டு அம்மாவைக் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

தண்ணீரில் இறங்கினால்

"டீசல் வண்டி ஆற்றையே கடக்கும்" என்று பெருமை பேசுவோர் உண்டு. பிளக் இல்லாததால் நனைந்தாலும் நிற்காது என்பது பழைய நியாயம். இன்றைய டீசல் வண்டியிலும் மின்சாரக் கருவிகள் நிறைய இருக்கின்றன. காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் எந்த என்ஜினும் தப்பாது. தண்ணீரை அமுக்க முடியாதே! உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி 'ஸ்டார்ட்' செய்யவே கூடாது. மெக்கானிக் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. நாலு சக்கரமும் இழுக்கிறதா, அதற்கென்று தனியாக ஒரு மெதுவான கியர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது இல்லாத வண்டி, டீசலானாலும் பெட்ரோலானாலும் செங்குத்தான கல் மேட்டில் திணறும். கடைக்காரர் சமதளத்தில் ஓட்டிக் காட்டினால் போதாது. அந்தக் கியரைப் போட்டு, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, ஒரு மேட்டில் ஏற்றிக் காட்டச் சொல்ல வேண்டும்.