உழுகிறவர் யார்? உட்கார்ந்திருக்கிறவர் யார்?

சர்க்கார் கணக்கு என்றால் அதில் தப்பு இராது என்று நம் மக்கள் நம்பிவிடுகின்றார்கள். ஆனால், ஆட்களை எண்ணுவதற்கு முன்பே இன்னாரை இன்ன கலத்தில் போடுவது என்று ஒருவர் முடிவு செய்துவிடுகின்றாரே, அதை யாராவது கவனிக்கின்றோமா?

1911-ம் வருஷத்து ஜனக்கணக்கைப் பாருங்கள். வயிற்றுக்கில்லாமல் பிச்சை எடுத்தவனை ‘உற்பத்தி செய்யாதவர்’ என்ற வகுப்பில் தள்ளினார்கள். காவி கட்டிக்கொண்டு பிச்சை எடுத்தவனையோ வக்கீல், வைத்தியர், உபாத்தியாயர் ஆகியவர்களுடைய வகுப்பில் வைத்தார்கள்! இருவருக்கும் தொழில் ஒன்றே. துணியின் நிறம் மாத்திரமே வேறு.

அது வெள்ளைக்காரன் காலம் என்பீர்கள். 2011-ம் வருஷத்துக் கணக்கு மாத்திரம் என்ன வாழ்ந்தது? அதன்படி வயலை மேற்பார்வை செய்வதும் சாகுபடிதான். ஆகவே தஞ்சை ஜில்லாவில் திண்ணையில் சாய்ந்துகொண்டு ஆளை ஏவும் மிராசுதார் ‘சாகுபடி செய்பவர்’. சேற்றில் இறங்கி உழுது, வரப்பு வெட்டி, அறுத்துக் களம் சேர்க்கின்றவரோ வெறும் ‘விவசாயக் கூலி’. அப்படியானால் பயிரை வளர்த்தது கையா, திண்ணையா என்று கேட்கின்றோம்.

நாற்று நடுகிற பெண்களின் கதி இன்னும் மோசம். வருஷத்தில் 6 மாதத்திற்குக் குறைவாக வேலை செய்தால் ‘குறு தொழிலாளர்’ என்று ஒதுக்கிவிடுகின்றார்கள். பெரும்பாலும் மேட்டூரில் தண்ணீர் திறந்தால்தான் குறுவை உண்டு. நடவும் களையும் அறுப்பும் முடிந்தால் வேலை இல்லை. இது அவர்கள் குற்றமா? முதுகு ஒடிய நட்டவளுக்கு நாள் எண்ணுகிறவர்கள், மிராசுதாரின் மேற்பார்வையை எந்த மரக்காலால் அளக்கின்றார்கள்? அவர் சொன்னதுதானே கணக்கு!

சர்க்காரை மாத்திரம் குறை கூறிப் பயனில்லை. கணக்கெடுப்பவர் வாசலில் வந்து, “உங்கள் சம்சாரத்திற்கு என்ன தொழில்?” என்று கேட்டால், “வீட்டு வேலைதான்” என்று நம்மவர்களே சொல்லிவிடுகின்றார்கள். அந்த ஒரு வார்த்தையால், காலையில் நாற்றுமுடி சுமந்தவள் மாலையில் ‘வேலை செய்யாதவர்’ ஆகிவிடுகின்றாள். பகுத்தறிவு பேசும் தோழர்கள் வீட்டிலும் இப்படி நடப்பது வெட்கக்கேடல்லவா?

அடுத்த ஜனக்கணக்கு 2027-ல் எடுக்கப்படும் என்று 2025-ல் அறிவித்திருக்கின்றார்கள். திட்டங்கள் போடுவது இப்படிப்பட்ட கணக்குகளை வைத்துத்தான். ஏட்டில் இல்லாத உழைப்புக்குக் கூலியும் கேட்க முடியாது, நிவாரணமும் கேட்க முடியாது. ஆகையால், கேட்க வருகிறவருக்குப் பெண்களே முன்வந்து, “நான் நடவு ஆள், இத்தனை நாள் வேலை செய்தேன்” என்று தங்கள் வாயால் சொல்ல வேண்டும். ஆண்கள் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றால் போதும்.