பெரியாக்களுக்கான விளையாட்டு

'அடல்ற் கேம்' எண்டு சொன்னால் எங்களில் பாதிப்பேர் சிரிப்போம், மிச்சப்பேர் ஃபோனைக் கவிழ்த்து வைப்போம். அந்தச் சொல்லுக்கு எங்களிடம் இருக்கிற அர்த்தம் அவ்வளவுதான்: ஒளிச்சுப் பார்க்கிற படம். ஆனால் ஒரு படம்கூட இல்லாத அடல்ற் கேம் ஒன்றைப் பற்றித்தான் இங்கே கதைக்கப்போகிறோம்.

அமெரிக்காவின் இன்ஃபோகொம் நிறுவனம் 1986 இல் வெளியிட்ட 'லெதர் கொடெசஸ் ஒஃப் போபொஸ்'. எழுதியவர் ஸ்ரீவ் மெரெற்ஸ்கி. திரையில் எழுத்து மட்டும்தான். என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சின்ன ஆங்கில வசனமாகத் தட்டவேண்டும். நடந்ததைக் கேம் எழுதிக் காட்டும்.

கதை 1936 இல், ஒஹாயோவின் சிற்றூர் ஒன்றிலுள்ள பாரில் தொடங்குகிறது. உங்களுக்கு அவசரமாக ஒண்டுக்கு வருகிறது. ஆண்கள் பக்கமா, பெண்கள் பக்கமா? எந்தக் கதவால் போகிறீர்களோ, அதுதான் உங்கள் பாத்திரத்தின் பால். கூட வருகிற ஆள் அதற்கேற்ப ட்ரென்ற் ஆகவோ ரிஃபனி ஆகவோ மாறுவார். பிறகு உங்களைச் செவ்வாயின் துணைக்கோளான போபொஸுக்குக் கடத்திக்கொண்டு போவார்கள். பூமி முழுவதையும் தங்கள் இன்பத்துக்கு அடிமையாக்குவதுதான் அங்குள்ள தேவதைகளின் திட்டம்.

இந்தக் கேமுக்கு மூன்று நிலைகள்: அடக்கமானது, சாடையானது, பச்சையானது. எது வேண்டுமென்று விளையாடுகிறவரே தெரிவுசெய்யலாம். நாங்கள் நேரே மூன்றாவதுக்குத்தான் போனோம், பொய் சொல்லத் தேவையில்லை. போய்ப் பார்த்தால், அங்கேயும் சாடைமாடையும் பகிடியும்தான் கூட. மிச்சத்தை வாசிக்கிறவரின் தலைக்குள் விட்டுவிடுகிறார்கள்.

விளையாட விளையாட அந்தப் 'பச்சை' எங்களுக்கு மறந்தேபோய்விட்டது. பிடித்து இருத்தியது புதிர்கள். ஒரு இயந்திரம் இருக்கிறது: உள்ளே போடுகிற பொருளின் ஆங்கிலப் பெயரிலிருந்து 'ரீ' என்ற எழுத்தைப் பிடுங்கிவிடும், பொருளும் வேறொன்றாகிவிடும். தமிழில் இதைச் செய்தால் எப்படியிருக்கும் எண்டு ஒரு இரவு முழுக்க யோசித்தோம். அரவை வெட்டுகிற இயந்திரம்! பாடத்தைப் போட்டால் படம் வரும், வாடையைப் போட்டால் வடை வரும். படத்தால் செய்யேலாத பகிடி இது.

"அப்ப ஆபாசத்துக்கு வக்காலத்தோ?" என்று கேட்பீர்கள். இல்லை. இதிலுள்ள சில பகிடிகள் அந்தக் காலத்து ஆம்பிளைப் பகிடிகள், இண்டைக்குப் புளிச்சுப்போனவை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் காமத்தைப் பற்றி எங்களுக்குக் கிடைக்கிற பாஷை இரண்டுதான்: ஒன்று குசுகுசுப்பு, மற்றது பிரசங்கம். வெட்கப்படாமலும் கேவலப்படுத்தாமலும் சிரித்துக் கதைக்கிற மூன்றாவது பாஷை ஒன்று இருக்கலாம் என்பதை இந்தப் பழைய கேம்தான் எங்களுக்குக் காட்டியது.

2000 இல் எமிலி ஷோர்ற் எழுதிய 'கலற்றியா' இன்னும் ஒருபடி மேலே போகிறது. கண்காட்சியில் நிற்கிற, பேசுகிற ஒரு பெண் சிலை. நாங்கள் அவளைப் பார்க்க வந்த விமர்சகர். கேட்கலாம், தொடலாம், பேசாமலும் நிற்கலாம். அவளுடைய மனநிலையைப் பொறுத்துப் பதிலும் முடிவும் மாறும். எடுத்த எடுப்பில் தொடப்பார்த்தவர்களும் எங்களுக்குள் இருந்தார்கள். அந்தக் கட்டளையைத் தட்டியது தங்கள் விரல்தான் என்பது உறைத்தபோது அவர்கள் கொஞ்சநேரம் கதைக்கவில்லை. படத்தைப் பார்க்கிறவர் பார்வையாளராகவே இருந்துவிடலாம். இங்கே வினைச்சொல் எங்களுடையது, பொறுப்பும் எங்களுடையது. பெரியாக்களுக்கானது என்றால் இதுதானே?

ருவைன் என்ற இலவசக் கருவியில் கதையை இணைப்புகளாகப் பின்னலாம், புரோகிராமிங் தெரியவேண்டியதில்லை, தமிழிலும் எழுதலாம். அந்த அரவு வெட்டும் இயந்திரத்திலிருந்து நாங்கள் தொடங்கியிருக்கிறோம். அந்த மூன்றாவது பாஷையில் தமிழில் எழுதேலுமோ எண்டு அதில்தான் பார்க்கப்போகிறோம்.