மலைக் காற்று இருக்கட்டும், மார்ஃபின் இருக்கிறதா?

"இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குக் கொண்டு போங்கள்."

மதுரையிலும் கோவையிலும் பெரிய ஆஸ்பத்திரிகளில் இந்த ஒரு வாக்கியத்தோடு நோயாளியின் ஃபைலை மூடிவிடுகிறார்கள். மன்னவனூரிலிருந்தோ தாண்டிக்குடியிலிருந்தோ போன குடும்பம் வாடகைக் கார் பிடித்து மலையேறித் திரும்பி வருகிறது. ஃபைல்தான் மூடப்பட்டதே தவிர நோயாளியின் கண் மூடவில்லை. இன்னும் இரண்டு மாதமோ நான்கு மாதமோ அவர் உயிரோடு இருக்கப் போகிறார். வலி இருக்கும், புண் இருக்கும், இரவுகள் இருக்கும். அந்த மாதங்களுக்கு யார் பொறுப்பு?

இந்த இடத்தில்தான் 'ஹாஸ்பிஸ்', 'கருணை இல்லம்', 'அந்திமக் காலப் பராமரிப்பு' என்ற பலகைகள் நம் கண்ணில் படுகின்றன. வியாபாரச் சகோதரர்களே, அந்தப் பலகைகளுக்குப் பின்னால் உங்கள் பணமும் இருக்கிறது. ரமளானில் அரிசி மூட்டை அனுப்புகிறீர்கள். மறைந்த தாயின் பெயரில் ஒரு வேளைச் சாப்பாடு போடுகிறீர்கள். கட்டில் வாங்கித் தருகிறீர்கள், அதில் கடையின் பெயரும் எழுதப்படுகிறது. நல்லது. ஆனால் என்றைக்காவது உள்ளே போய், அந்தக் கட்டிலில் கிடப்பவர் நேற்று ராத்திரி தூங்கினாரா என்று கேட்டிருக்கிறீர்களா?

வடுகபட்டிச் சந்தையில் மலைப்பூண்டு வாங்குகிறவர் மூட்டையின் வாயை மட்டும் பார்த்தா விலை பேசுகிறார்? அடிவரை கைவிட்டு எடுத்துப் பார்க்கிறார். திண்டுக்கல்லில் தோல் வாங்குகிறவர் விரலால் தடவிப் பார்க்காமல் ஒரு தோலைக்கூட எடுப்பதில்லை. சரக்குக்கு இருக்கிற இந்தச் சந்தேகம் மனிதர்களைப் பராமரிக்கும் இடத்துக்கு வரும்போது எங்கே போய்விடுகிறது?

கேட்காமல் இருந்ததன் விலையை 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு பார்த்தது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் அருகே பாலேஸ்வரத்தில் புனித ஜோசப் கருணை இல்லம் இருந்தது. இதே அமைப்புக்குத் திண்டுக்கல்லிலும் ஒரு இல்லம் உண்டு. அந்த பாலேஸ்வரம் இல்லத்தைச் சேர்ந்த ஒரு வேன் காய்கறி மூட்டைகளையும், ஒரு சடலத்தையும், உயிரோடு இருந்த இரண்டு முதியவர்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வந்தது. உள்ளிருந்து ஒரு மூதாட்டி கூச்சல் போட, மக்கள் வண்டியை மறித்தார்கள். பிறகு அதிகாரிகள் படையெடுத்தார்கள். உரிமம் முந்தைய ஆண்டே காலாவதியாகிவிட்டது என்றார்கள். சடலங்கள் மண்ணில் புதைக்கப்படாமல் கான்கிரீட் சுவரில் கட்டிய அறைகளில் வைக்கப்பட்டது வெளியே வந்தது. எலும்பு வியாபாரம் என்று ஒரு பெரும் வதந்தி கிளம்பியது. நிர்வாகம் அதை மறுத்தது. தங்கியிருந்த முதியவர்கள் வண்டி வண்டியாக வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள்.

அப்போது நடந்த விவாதத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு தரப்புக்கு அது கிறித்தவ நிறுவனம் என்பதே போதுமான குற்றமாகத் தெரிந்தது. மறு தரப்புக்கு அது கிறித்தவ நிறுவனம் என்பதே போதுமான நற்சான்றிதழாகத் தெரிந்தது. சிறுபான்மையினரின் நிறுவனங்கள் மீது வதந்தியை ஏவிவிடுவது எப்படி நடக்கும் என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதற்காகக் கேள்வியே கேட்கக் கூடாது என்று ஆகிவிடுமா?

இத்தனை பேர் செத்திருக்கிறார்களே என்று எண்ணிக்கையைக் காட்டி அலறினார்கள். சாகப் போகிறவர்களுக்கென்று உள்ள இடத்தில் சாவு நடக்கத்தான் செய்யும்! எண்ணிக்கை அங்கே எதையும் நிரூபிக்காது. கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு. கொண்டுவரப்பட்டவர் உண்மையிலேயே இறுதிக் கட்டத்தில் இருந்தாரா? அதைச் சொன்ன மருத்துவர் யார்? அவர் சம்மதித்து வந்தாரா, தெருவிலிருந்து தூக்கி வரப்பட்டாரா? அவருக்கு வலி இருந்ததா, என்ன மருந்து கொடுக்கப்பட்டது, எந்தப் பதிவேட்டில் எழுதப்பட்டது? தொலைக்காட்சி விவாதங்களில் எலும்பு பேசப்பட்ட அளவுக்கு இவை பேசப்படவில்லை.

ஹாஸ்பிஸ் என்பது முதியோர் இல்லம் அல்ல, அநாதை இல்லமும் அல்ல. இந்த வேறுபாடு தெரியாததால்தான் பாதிக் குழப்பம். 1967ல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் புனித கிறிஸ்டோஃபர் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். நர்ஸாகப் பணியாற்றியவர், பிறகு மருத்துவம் படித்தவர். குணப்படுத்த முடியாத நோயாளியின் வலியைக் குணப்படுத்த முடியும், அதுவும் ஒரு மருத்துவம் என்பதுதான் அவர் நிலைநாட்டியது. இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸான சாந்தி அவேதனா 1986ல் பம்பாயில் வந்தது. ஆக, அன்பான நாலு வார்த்தையும் மூன்று வேளைச் சோறும் மட்டும் இருந்தால் அது நல்ல அன்னசத்திரம். வலிக்கு மருத்துவம் இருந்தால்தான் ஹாஸ்பிஸ்.

எனவே முதல் கேள்வி: வாய்வழி மார்ஃபின் வைத்திருக்கிறீர்களா?

இதைக் கேட்டதும் பலர் முகம் சுளிப்பார்கள். போதைப் பொருளாயிற்றே என்பார்கள். புற்றுநோய் எலும்பில் இறங்கியவரின் வலிக்குப் பாரசிட்டமால் கொடுத்துவிட்டு 'பொறுமையாக இருங்கள்' என்று சொல்வதுதான் பாவம். புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்து கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986லேயே வெளியிட்டது. கடும் வலிக்கு அதில் மார்ஃபினே பிரதானம். விலை மலிவான சின்ன மாத்திரை. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, வலி திரும்புவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் கட்டாயம் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் சேர்த்தே தருவார்கள். சேர்த்துத் தராத இடத்துக்கு மார்ஃபின் கொடுக்கத் தெரியவில்லை என்று நீங்களே முடிவு செய்து கொள்ளலாம். வலிக்காக மருத்துவர் அளந்து கொடுக்கும்போது அடிமையாகிவிடும் ஆபத்து மிகக் குறைவு. நிர்ப்பந்தத்தில் மருந்தாக இதற்கு அனுமதி உண்டு என்பதே ஆலிம்களின் பொதுவான கருத்து. சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள், நோயாளியை அலறவிட்டுக் கொண்டு நீங்களே ஃபத்வா கொடுக்காதீர்கள்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. மருந்துக்கான அபினியைச் சட்டபூர்வமாகப் பயிரிடும் நாடு இது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் வயல்கள், நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசு ஆலைகள். ஆனால் 1985ன் போதைப் பொருள் சட்டம் பல உரிமங்களைக் கேட்டதால் மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபினையே கைகழுவின. 2014ல்தான் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனத்துக்கு ஒரே அனுமதி போதும் என்று வந்தது. எனவே இன்றைக்கு 'கிடைக்கவில்லை, சட்டம் விடவில்லை' என்று ஒரு இல்லம் சொன்னால், அங்கீகாரத்துக்கு எப்போது விண்ணப்பித்தீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

பாலியம் இந்தியா அமைப்பு முன்னின்று நிபுணர்களைக் கூட்டி உருவாக்கிய குறைந்தபட்சத் தர அளவுகோல் ஒன்று உண்டு. அதில் மாடிக் கட்டடமும் பூந்தோட்டமும் கணக்கில் வராது. மார்ஃபின் தடையின்றிக் கிடைக்கிறதா, மருத்துவரும் நர்ஸும் இந்தத் துறையில் பயிற்சி பெற்றவர்களா, நோயாளியின் வலி பதிவாகிறதா என்று அடிப்படையிலிருந்து தொடங்குகிறது. நீங்கள் டாக்டராக இல்லாவிட்டாலும் இதைப் பார்க்கலாம். கேஸ் ஷீட்டைக் காட்டச் சொல்லுங்கள். மற்ற நோயாளியின் பெயர் தெரிய வேண்டாம், பெயரை மறைத்தே காட்டட்டும். பூஜ்யத்திலிருந்து பத்துவரை வலிக்கு எண் போடுவது வழக்கம். நேற்று எட்டு, இன்று மூன்று என்று எழுதியிருந்தால் அங்கே வேலை நடக்கிறது. ஒன்றுமே எழுதவில்லை என்றால் சுவரில் மாட்டிய விருதுகளைப் பார்த்து மயங்காதீர்கள். படுக்கைப் புண் எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். மூக்கையும் பயன்படுத்துங்கள். புற்றுப் புண்ணின் துர்நாற்றத்தை மெட்ரோனிடசோல் மாத்திரையைத் தூளாக்கிப் போட்டே பெருமளவு கட்டுப்படுத்தலாம். ஃபினாயில் நெடிக்கு அடியில் புண் நெடி வந்தால் தரையைக் கவனிக்கிற அளவுக்கு மனிதரைக் கவனிக்கவில்லை என்று பொருள்.

இனி நம் மலைக்கு வருவோம். கொடைக்கானல் என்ற ஊரே நோய்க்குப் பயந்து உருவான ஊர். சமவெளியின் வெப்பத்திலும் காய்ச்சலிலும் மக்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் 1845ல் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். அன்றிலிருந்து 'கொடைக்கானல் காற்று உடம்புக்கு நல்லது' என்பது ஒரு நம்பிக்கையாகவே ஆகிவிட்டது. ஏரி தெரியும் அறை, குளிர்ந்த காற்று, அமைதி என்று சொன்னதும், வசதியுள்ள குடும்பங்கள் கடைசிக் காலத்தில் வாப்பாவை அங்கே வைத்துப் பார்க்கலாமே என்று நினைக்கின்றன. மருத்துவ உண்மை என்ன? ஏழாயிரம் அடி உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நுரையீரலில் நோய் இருப்பவருக்கும் இதயம் பலவீனமானவருக்கும் அந்த அழகான காற்றே மூச்சுத் திணறலைக் கூட்டும். ஆக்சிஜன் செறிவூட்டி எத்தனை, மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு என்று கேட்காமல் அங்கே யாரையும் ஏற்றாதீர்கள்.

சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் பார்க்கிற கொடைக்கானல் ஏரியைச் சுற்றி முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டிப் பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை. இந்தப் பக்கம் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர், பளியர் குடியிருப்புகள். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கவே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வளைவு வளைவாக மலைப்பாதை. சீசன் நாட்களில் சுற்றுலா வண்டிகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் சாலையில் எலும்பு நொறுங்கும் வலியோடு ஒருவரைப் படுக்கவைத்துக் கொண்டு போவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே கட்டிலின் எண்ணிக்கையை வைத்து ஒரு சேவையை மதிப்பிட முடியாது. கிளாவரைக்கு வண்டி வருமா? எந்தக் கிழமை வரும்? அடுத்த முறை வரும்வரை மருந்து போதுமா? ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் ஃபோனை எடுப்பவர் நர்ஸா, வாட்ச்மேனா?

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை வருவது எல்லோருக்கும் தெரியும். வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் அதில் அடக்கம் என்பது பலருக்குத் தெரியாது. படுத்த படுக்கையாகிவிட்ட நோயாளியை நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். 2024ல் ஐ.நா. அமைப்பின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. விருதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பயனாளிகள் இத்தனை லட்சம் என்ற கணக்கில் மன்னவனூர் நோயாளியின் இரவு எங்கே பதிவாகிறது? தனியார் இல்லத்தைக் கேட்கும் அதே கேள்விகளை ஆரம்ப சுகாதார நிலையத்தையும் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. நன்கொடையாளராக அல்ல, குடிமகனாக.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கும் சகோதரர்கள் மலப்புறத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். 1993ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ராஜகோபால், சுரேஷ்குமார் போன்ற மருத்துவர்கள் சின்னதாக ஒரு வலி நிவாரண கிளினிக் தொடங்கினார்கள். நோயாளியால் கிளினிக்குக்கு வர முடியவில்லை, ஆகவே கிளினிக் நோயாளியிடம் போக வேண்டும் என்று கண்டார்கள். சில ஆண்டுகளில் மலப்புறம் மாவட்டத்தில் ஊர் ஊராக மக்களே அதைக் கையில் எடுத்தார்கள். கடைக்காரர்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் உண்டியல் வைத்தார்கள். மாணவர்களும் ஓட்டுநர்களும் ஆசிரியர்களும் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினார்கள். பதினாறு மணி நேர வகுப்பு, பிறகு நர்ஸோடு நான்கு நாள் வீடு வீடாகப் போய்ப் பழகுவது, இவ்வளவுதான் தொண்டருக்கான பயிற்சி. அங்கே முஸ்லிம்கள் பெரும்பான்மை. ஆனால் படுக்கையில் கிடப்பவர் எந்தச் சமயம் என்று பார்த்து அவர்கள் வீட்டுப் படி ஏறவில்லை. 2008ல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. 2010ல் நாற்பது நாடுகளை வரிசைப்படுத்தி 'மரணத்தின் தரம்' என்று எக்கனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவு ஒரு பட்டியல் போட்டபோது இந்தியா கடைசி, நாற்பதாவது இடம். அதே அறிக்கை விதிவிலக்காகக் கேரளத்தைப் பாராட்டியது.

பழனியும் ஒட்டன்சத்திரமும் வத்தலக்குண்டும் பெரியகுளமும் மலையைச் சுற்றி நிற்கிற சந்தை ஊர்கள். மலையின் பூண்டும் காபியும் வாழையும் காய்கறியும் இறங்கிவரும் இடங்கள். அங்கே கடை வைத்திருக்கிறவருக்கு எந்த மலைக் கிராமத்தில் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்பது சுகாதாரத் துறைக்கு முன்பே தெரிந்துவிடும், சரக்கு கொண்டுவருகிறவர் சொல்லிவிடுவார். அந்தச் செய்தியை நர்ஸின் காதுக்குக் கொண்டுபோக ஒரு நோட்டும் ஒரு ஃபோனும் போதும். காலியாகத் திரும்பும் வண்டியில் நர்ஸுக்கு ஓர் இடம் கொடுக்கலாமே! இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: ரத்த தானத்தில் காட்டிய வேகத்தில் பாதி இங்கே போதும். ஆனால் பயிற்சி இல்லாமல் போகாதீர்கள். தூக்கத் தெரியாமல் தூக்கினால் எலும்பு முறியும், பேசத் தெரியாமல் பேசினால் மனம் முறியும்.

இன்னும் சில விஷயங்கள், நம் வீடுகளுக்கு முக்கியமானவை. இல்லத்தில் சேர்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். படுத்தபடியே தொழ நினைப்பவருக்குத் தயம்மும் செய்ய உதவுவார்களா? பெண் நோயாளியைப் பெண்ணே சுத்தம் செய்வாரா? மனைவி இரவு தங்கலாமா, அல்லது மாலை ஐந்து மணிக்கு வெளியே அனுப்பிவிடுவார்களா? உயிர் பிரிந்தால் எத்தனை நிமிடத்தில் குடும்பத்துக்குத் தகவல் வரும், இறப்புச் சான்றை யார் எழுதித் தருவார், ஜனாஸாவை ஜமாஅத்திடம் எப்படி ஒப்படைப்பார்கள்? பாலேஸ்வரத்துச் சுவர் அறைகளைப் பார்த்த பிறகு இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. பதிலை வாயால் மட்டும் வாங்காதீர்கள், எழுதி வாங்குங்கள். வரவு செலவுக் கணக்கையும் அதோடு கேளுங்கள். நல்ல இல்லம் நடத்துகிறவர் கோபப்பட மாட்டார், நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காட்டுவார்.